வாதியின் சான்றும் மறுப்பவரின் சத்தியமும்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும் மேல்வகுப்பு மாணவர்களை ஜவ்வாது மலைக்கு அழைத்துச் செல்வது எமது அரபுக் கல்லூரியின் பழைய வழக்கம். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே மலையேறி, காவலூர் வானாய்வகத்தைக் கடந்து, ஜமுனாமரத்தூரில் இரவு தங்குவோம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு சென்றிருந்தபோது, ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் ஓர் ஓடைக்கரையில் அமர்ந்து மாணவர் ஒருவர் இமாம் பூஸிரீ (ரஹ்) அவர்களின் கஸீதத்துல் புர்தாவிலிருந்து சில அடிகளை ஓதினார். வாத்தியம் ஏதும் இல்லை. நீரோசையும் பறவைகளின் குரலுமே பின்னணி. உடனிருந்தோர் அதைக் கைப்பேசியில் பதிவு செய்து, கல்லூரியின் பெயரில் நடைபெறும் காணொளிப் பக்கத்தில் ஏற்றினர்.

மலையிலிருந்து இறங்கிய மூன்றாம் நாள் மின்னஞ்சல் ஒன்று வந்தது. காணொளியில் உள்ள ஒலி ஓர் இசை நிறுவனத்துக்குச் சொந்தமானது. ஆகவே இனி அதில் விளம்பரங்கள் இடம்பெறும். வருவாய் அந்நிறுவனத்தைச் சேரும் என்பது அதன் சாரம். செய்தி அறிந்த மாணவரின் தந்தை நம்மிடம் ஓடிவந்தார். “அழித்துவிடுங்கள் ஹஜ்ரத், நமக்கு எதற்கு இந்தக் கோர்ட் வம்பு?” என்றார். ஆசிரியர் சிலரும் அதையே சொன்னார்கள். அதே பக்கத்தில்தான் மறைந்த எம் முதல்வர் அவர்களின் ஜும்ஆ உரைகள் நூற்றுக்கணக்கில் சேமிக்கப்பட்டிருந்தன. ஒரு கஸீதாவுக்காக அத்தனையும் பறிபோய்விடக்கூடாதே என்பது அவர்களின் கவலை.

கவலை நியாயமானதே. ஆனால், அழித்துவிடுவது என்பது திருடினோம் என்று வாய் திறவாமல் ஒப்புக்கொள்வதாகாதா? ஃபிக்ஹு படித்த நமக்கு, ஒருவர் உரிமை கோரினார் என்பதற்கும் அவ்வுரிமை நிறுவப்பட்டது என்பதற்கும் உள்ள தூரம் தெரியாததன்று. வெறும் கோரிக்கையின் பேரில் மக்களுக்கு வழங்கப்படுமானால் பிறருடைய உயிரையும் பொருளையும் கூடச் சிலர் கோரத் தொடங்கிவிடுவர் என்று எச்சரித்த நபி (ஸல்) அவர்கள், சான்று காட்டும் பொறுப்பை வாதியின் மீதும், சத்தியம் செய்யும் பொறுப்பை மறுப்பவரின் மீதும் வைத்தார்கள். கிதாபுகளின் ‘தஃவா’ பாடத்தில் ஆண்டுதோறும் நாம் நடத்தும் இந்த விதி, இணையத்தில் எவ்வளவு தூரம் செல்லுபடியாகிறது என்று பார்க்கலானோம். தேடிக் கண்டவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முதலில் உரிமையின் பொருள் எது என்பதைப் பிரித்தறிய வேண்டும். புர்தாவின் ஆசிரியர் ஹிஜ்ரி 7ஆம் நூற்றாண்டினர். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு நூலின் உரிமை, ஆசிரியரின் ஆயுட்காலத்துக்கும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளுக்கும் நிற்கும். (முன்பு 50 ஆண்டுகளாக இருந்தது. 1941இல் மறைந்த தாகூரின் படைப்புகள் பொதுவுடைமையாகும் தறுவாயில், 1992இல் 60 ஆக நீட்டினர்.) எனவே பூஸிரீ இமாமின் அடிகளுக்கு இன்று எவரும் உரிமையாளர் அல்லர். ஆனால் ஒரு நிறுவனம் பாடகர் ஒருவரைக் கொண்டு புர்தாவைப் பாடவைத்துப் பதிவு செய்தால், அந்தப் ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை உண்டு. வெளியிட்ட ஆண்டின் முடிவிலிருந்து 60 ஆண்டுகள் அது நீடிக்கும். நிறுவனத்துக்குச் சொந்தம் அந்த ஒலிப்பதிவு மட்டுமே. எம் மாணவர் தம் சொந்தக் குரலில் ஓதியது அதில் அடங்காது. இதை நீதிமன்றம் எளிதில் பிரித்தறியும். இயந்திரம் அறியாது.

யூடியூப் தளம் 2007 முதல் ‘கன்டென்ட் ஐ.டி.’ என்ற ஒரு பொறியமைப்பைக் கையாண்டு வருகிறது. பெரும் உரிமையாளர்கள் தங்கள் ஒலி, ஒளிப் பதிவுகளை முன்னதாகக் கொடுத்துவைக்க, அவற்றின் ‘கைரேகை’யை வைத்துக்கொண்டு, புதிதாக ஏறும் ஒவ்வொரு காணொளியையும் அது ஒப்பிடுகிறது. ஒத்திருந்தால் மனிதர் எவரும் பார்க்காமலேயே உரிமைக் கோரிக்கை பிறந்துவிடும். 2012இல் ஒருவர் காட்டுக்கீரை பறிப்பதைப் படமெடுத்து ஏற்றியபோது, பின்னணியில் கூவிய பறவைகளின் ஒலி ஓர் இசை உரிமை நிறுவனத்துக்குச் சொந்தம் என்று இந்த அமைப்பு அறிவித்தது. அவர் மறுத்தார். நிறுவனமோ தன் கோரிக்கையை மீண்டும் உறுதி செய்தது! செய்தி ஊர் முழுதும் பரவிய பிறகே தவறு என்று ஒப்புக்கொண்டு விலகிற்று. ஜவ்வாது மலைக் குருவிகளின் நிலை என்னவோ என்று நாம் மாணவர்களிடம் சொல்லிச் சிரித்தோம்.

2021ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் மட்டும் இத்தகைய கோரிக்கைகள் 72 கோடியைத் தாண்டின என்று யூடியூப் நிறுவனமே வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அவற்றுள் மறுக்கப்பட்டவை நூற்றுக்கு ஒன்று கூட இல்லை. மறுக்கப்பட்டவற்றில் 60 விழுக்காடு, காணொளியை ஏற்றியவருக்கே சாதகமாக முடிந்தன. மறுக்காதவர் அனைவரும் குற்றவாளிகள் என்று நாம் கொள்ளலாகாது. மிகப் பல கோரிக்கைகள் சரியானவையாகவும் இருக்கும். எனினும் அச்சத்தால் வாய்மூடியவர்கள் அந்தத் தொகையில் எத்தனை பேர் என்பதை எந்த அறிக்கையும் சொல்லாது.

மேற்சொன்ன இயந்திரக் கோரிக்கை வேறு, சட்டப்படியான அகற்றல் விண்ணப்பம் வேறு. முன்னதால் பக்கத்துக்கு ஆபத்தில்லை. விளம்பர வருவாய் மாறும், அல்லது அந்த ஒரு காணொளி முடக்கப்படும். பின்னதால் காணொளி நீக்கப்பட்டு, பக்கத்தின் மீது ஓர் எச்சரிக்கை பதிவாகும். 90 நாட்களுக்குள் மூன்று எச்சரிக்கைகள் சேர்ந்தால் பக்கமே மூடப்படலாம். எம் ஆசிரியர்கள் இரண்டையும் ஒன்றெனக் கருதியதே அவர்களது பதற்றத்துக்குக் காரணம். நாம் மறுப்பைப் பதிவு செய்தோம். ‘பாடல் பொதுவுடைமை, குரல் எம் மாணவருடையது, பதிவு எம்முடையது’ என்று மூன்று வரிகள்தாம். கோரியவருக்குப் பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வரவில்லை, 30 நாள் கழிந்ததும் கோரிக்கை தானாகவே விலகிற்று. ஒருவேளை அவர்கள் பிடிவாதம் செய்திருந்தால் மேல்முறையீடும், அதற்கும் மேலாகச் சட்டப்படியான எதிர் அறிவிப்பும் இருந்தன.

இனி வாதியின் பக்கத்திலிருந்து பார்ப்போம். ஏனெனில் அடுத்த ஆண்டே நாம் அந்த இடத்தில் நிற்க நேர்ந்தது.

எம் உஸ்தாத் ஒருவர் தமிழ் மாணவர்களுக்கென எழுதிய ஸர்ஃப் இலக்கணக் கையேட்டைக் கல்லூரியே அச்சிட்டு வந்தது. யாரோ அதை வருடிப் படமெடுத்து, ஆசிரியர் பெயர் தாங்கிய முதல் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டு, ஓர் இணையதளத்தில் வைத்திருந்தனர். பணம் போனதை விடப் பெயர் போனதுதான் அம்முதியவரை வருத்தியது. (ஆசிரியர் என்று அறியப்படும் உரிமையைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு தனியே காக்கிறது, நூலின் உரிமையை விற்றுவிட்டவருக்கும் அது உண்டு.) நாம் சினத்தோடு நீண்ட கடிதம் ஒன்றை அத்தளத்தாருக்கு அனுப்பினோம். அமானிதம், மோசடி, மறுமை எல்லாம் அதில் இருந்தன. எந்த முகவரியில் எந்தக் கோப்பு என்பது மட்டும் இல்லை. தளத்தின் முகப்பு முகவரியைத்தான் கொடுத்திருந்தோம். கடிதம் பயனின்றித் திரும்பிற்று. தவறு நம்முடையதே.

இவ்விடத்தில் ஹிஜ்ரி 10ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் நடந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கு நினைவுக்கு வந்தது. அஹ்மதாபாதில் வாழ்ந்த அப்துல் காதிர் அல்ஐதரூஸ் (ரஹ்) தமது ‘அந்நூருஸ் ஸாஃபிர்’ நூலில் இதைப் பதிவு செய்துள்ளார். இமாம் கஸ்தல்லானீ தம் நூல்களிலிருந்து எடுத்துக்கொண்டு தம் பெயரைச் சொல்லாமல் விடுகிறார் என்று இமாம் ஸுயூத்தீ, ஷைகுல் இஸ்லாம் ஸகரிய்யா அல்அன்ஸாரீயிடம் முறையிட்டார். ஸுயூத்தீயின் புகழ் அன்று உலகறிந்தது. ஆயினும் ஷைகுல் இஸ்லாம் அவரது சொல்லை அப்படியே ஏற்கவில்லை. எடுத்த இடங்களைக் காட்டும்படி பணித்தார். ஸுயூத்தீ இடங்களைச் சுட்டினார்: கஸ்தல்லானீ இன்னின்ன இடங்களில் பைஹகீயை மேற்கோள் காட்டுகிறார், பைஹகீக்கோ பல நூல்கள் உள்ளன, இவர் எந்த நூலில் கண்டார் என்று சொல்லட்டும், உண்மையில் அவர் பைஹகீயைப் பார்க்கவில்லை, என் நூலில் நான் எடுத்துக்காட்டியதைப் பார்த்தார் என்பதே ஸுயூத்தீயின் வாதம். பின்னர் கஸ்தல்லானீ, ஸுயூத்தீயின் மனத்தாங்கலைப் போக்குவதற்காகக் கெய்ரோவிலிருந்து ரவ்ளா வரை செருப்பின்றி, தலைப்பாகையின்றி நடந்தே சென்று கதவைத் தட்டினாராம். உள்ளம் தெளிந்துவிட்டது என்று ஸுயூத்தீ உள்ளிருந்தே சொன்னார்; கதவைத் திறக்கவில்லை. ரஹிமஹுமல்லாஹ்.

எந்த நூல், எந்த இடம் என்று சுட்டாத முறையீடு, முறையீடாகாது. இன்றைய சட்டமும் இதையே கேட்கிறது. நம் உயர் நீதிமன்றத்திலேயே இதற்கு ஒரு பாடம் உண்டு. 2012இல் ‘3’ என்னும் திரைப்படத்தின் தயாரிப்பாளர்கள், படத்தை இணையத்தில் திருட்டுத்தனமாக வெளியிடுவோருக்கு எதிராகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடை பெற்றனர். திருடுவோர் யாரென்று தெரியாதபோது ‘அசோக் குமார்’ என்ற கற்பனைப் பெயரைப் பிரதிவாதியாக நிறுத்துவது இங்குள்ள வழக்கம். நஹ்வுப் பாடத்தில் ஆயிரம் ஆண்டுகளாக அம்ரை அடித்துக்கொண்டிருக்கும் ஸைது போல அவரும் ஓய்வறியாதவர். அந்தத் தடையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் அவ்வாண்டு மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்களை முழுமையாகவே முடக்கின. குற்றமறியாத எத்தனையோ பேரின் காணொளிகள் சேர்ந்து மறைந்தன. 2012 ஜூன் 22 அன்று நீதிமன்றம் தன் ஆணையைத் தெளிவுபடுத்திற்று: திருட்டுப்படம் உள்ள குறிப்பிட்ட முகவரியை மட்டுமே தடுக்கலாம், தளம் முழுவதையும் தடுக்கலாகாது. ஒரு திருடனுக்காகத் தெருவையே பூட்டுவது நீதியன்று என்பதுதானே இது.

அதே ஆண்டு, அதே ஜூன் மாதத்தில் திருத்தப்பட்ட சட்டம் நடப்புக்கு வந்தது. அதன் 52(1)(சி) பிரிவும், 2013ஆம் ஆண்டு விதிகளின் 75ஆம் விதியும் சேர்ந்து முறையீட்டின் வழியை வகுக்கின்றன. உரிமையாளர் எழுத்து மூலம் முறையிட வேண்டும். படைப்பு எது, அதற்குத் தாம் உரிமையாளர் என்பதற்கு ஆதாரம் என்ன, அத்துமீறிய பிரதி எந்த இடத்தில் இருக்கிறது, அது ஏன் சட்டம் அனுமதிக்கும் விலக்குகளுள் அடங்காது என்பனவற்றை விளக்க வேண்டும். பதிவாளரிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்பதில்லை. எழுதிய கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு இருந்தால் அது சான்றாக உதவும். முறையீடு சரியாயின், தளத்தார் 36 மணி நேரத்துக்குள் அதை மறைக்க வேண்டும். முறையிட்டவரோ 21 நாட்களுக்குள் நீதிமன்ற ஆணையைக் கொண்டுவருவதாக உறுதியளிக்க வேண்டும். கொண்டுவராவிட்டால் தளத்தார் அதை மீண்டும் வெளியிடலாம்.

இந்த 21 நாள் கெடுவைப் படித்தபோது, கலீஃபா உமர் (ரலி) அவர்கள் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதிய, நீதிபதிகளெல்லாம் மனனம் செய்யும் அந்தக் கடிதம் நினைவில் எழுந்தது. சான்று வேறிடத்தில் இருப்பதாகக் கூறும் வாதிக்கு ஒரு தவணை கொடுக்குமாறும், அதற்குள் கொண்டுவந்தால் அவருடைய உரிமையை வழங்குமாறும், இல்லையேல் அவருக்கு எதிராகத் தீர்ப்பளிக்குமாறும் அதில் வழிகாட்டினார்கள். முடிவின்றி ஒருவரைக் குற்றச்சாட்டின் நிழலில் நிறுத்திவைப்பது நீதியாகாது.

ஆனால் இந்திய விதியில் ஒரு குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. மறுப்பவரின் குரலுக்கு அதில் இடமே வைக்கப்படவில்லை. காணொளியை ஏற்றியவர் எதிர் அறிவிப்புக் கொடுத்து மீட்டுக்கொள்ளும் வழி 75ஆம் விதியில் இல்லை. 21 நாள் கழியக் காத்திருக்க வேண்டியதுதான். பொய்யான மிரட்டலுக்கு ஆளானவர் 60ஆம் பிரிவின்படி நீதிமன்றம் சென்று இழப்பீடு கோரலாம் என்றாலும், மத்ரஸா ஆசிரியரோ சிற்றூர்ப் பாடகரோ அவ்வளவு தூரம் செல்வாரா?

1998இல் அமெரிக்கா இயற்றிய சட்டம் இதில் ஒரு படி நியாயமாக இருக்கிறது. உலகின் பெருந்தளங்கள் பல அந்நாட்டில் இருப்பதால் நமக்கும் நடைமுறையில் அதுவே பொருந்துகிறது. அதன்படி முறையிடுபவர், தாம் உரிமையாளர் அல்லது அவரது பிரதிநிதி என்பதைப் பொய்ச்சத்தியத்துக்குரிய தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூற வேண்டும். மறுப்பவரும் அவ்வாறே: தவறுதலாகவோ அடையாளப் பிழையாலோ தம் படைப்பு நீக்கப்பட்டது என்று நல்லெண்ணத்துடன் நம்புவதாக அதே தண்டனைக்கு உட்பட்டு உறுதி கூறி, பெயர், முகவரி, தொலைபேசி எண் தந்து, அந்நாட்டு நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்றுக் கையொப்பமிட வேண்டும். அதன் பிறகு 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் வாதி வழக்குத் தொடராவிட்டால், நீக்கப்பட்டது திரும்ப வைக்கப்படும். சான்று வாதிக்கு, சத்தியம் மறுப்பவருக்கு என்ற நம் விதியின் சாயலை இதில் காணாதிருக்க இயலவில்லை. 2007இல் ஒரு தாய் தம் குழந்தை பாட்டுக்கு ஆடுவதை 29 வினாடிப் படமாக ஏற்ற, இசை நிறுவனம் அதை நீக்கவைத்தது. அவர் வழக்காடினார். முறையீடு அனுப்புமுன் அது நியாயமான பயன்பாடுதானா என்று நிறுவனம் ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்தகைய உரிமையே ஷரீஅத்தில் உண்டா என்று கேட்பவர் நம்மிடையே இன்னும் உள்ளனர். கல்வியைச் சிறை வைக்கலாகாது என்ற அடிப்படையில் முஃப்தி முஹம்மத் ஷஃபீ (ரஹ்) நூலுரிமையை ஏற்கவில்லை. அவருடைய புதல்வர் முஃப்தி தகீ உஸ்மானீ அதை ஏற்று எழுதியுள்ளார். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு ஆகியவற்றின் உரிமை பொருள் மதிப்புடையது, அத்துமீறலுக்கு உரியதன்று என்று முடிவு செய்தது. நாம் அகாதமியின் முடிவையே சார்கிறோம். மார்க்க நூலாயிற்றே என்று அனுமதியின்றி நகலெடுத்துப் பரப்புவோர், ஸதகத்துல் ஜாரியாவைப் பிறர் பணத்தில் செய்யப் பார்க்கின்றனர். தம் நூலைப் பொதுவாக விட்டுவிட விரும்பும் ஆசிரியருக்குத் தடையேதுமில்லை. சட்டத்தின் 21ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. விட்டுக்கொடுக்கும் உரிமை ஆசிரியருடையது, நகலெடுப்பவருடையதன்று.

கையேட்டின் கதைக்குத் திரும்புவோம். இரண்டாவது கடிதத்தில் மறுமையைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கோப்பின் முழு முகவரி, அச்சுப்பிரதியின் முதல் பக்கப் படம், ஆசிரியரின் கையொப்பமிட்ட உறுதிமொழி ஆகியவற்றை அனுப்பினோம். இரண்டே நாளில் கோப்பு அகன்றது.

ஆனால் மூன்றாவதாக வந்த வழக்குதான் நம்மை உண்மையில் சோதித்தது. மறைந்த எம் முதல்வரின் உரைகளுள் பதினொன்றை அகற்றக் கோரி முறையான விண்ணப்பம் வந்தது. எம் பக்கத்தின் மீது முதல் எச்சரிக்கை விழுந்தது. 1990களில் ஒலிநாடாக்கடை நடத்திய ஒருவரின் மகன் அனுப்பியிருந்தார். கல்லூரியில் அனைவரும் கொதித்தெழுந்தனர். எம் ஹஜ்ரத்தின் உரைக்கு ஒரு கடைக்காரர் எப்படி உரிமையாளராவார்? புர்தா விவகாரத்தில் வென்ற துணிவும் சேர்ந்துகொள்ள, உடனே எதிர் அறிவிப்புக் கொடுக்க வேண்டும் என்றனர்.

சத்தியம் செய்யும் இடத்தில் கையொப்பமிட வேண்டியவர் நாம் என்பதால், சற்று நிறுத்தி ஆராய்ந்தோம். பொதுமேடையில் ஆற்றும் உரைக்கு ஆற்றியவரே முதல் உரிமையாளர் என்பது சட்டம். அதில் ஐயமில்லை. ஆனால் ஒலிப்பதிவின் உரிமை பதிவு செய்த தயாரிப்பாளருக்கே. இந்தப் பதினொன்றும் பள்ளிவாசல் ஒலிவாங்கியில் நாம் பதிந்தவை அல்ல. அன்றைக்கு ஹஜ்ரத்தின் வாய்மொழி அனுமதியோடு அந்தக் கடைக்காரர் தம் செலவில் பதிந்து விற்ற நாடாக்களிலிருந்து, பின்னாளில் மாணவர்கள் எடுத்து ஏற்றியவை. அறுபது ஆண்டுகளில் பாதி கூடக் கடக்கவில்லை. ‘தவறுதலாக நீக்கப்பட்டது’ என்று நாம் எப்படிச் சத்தியம் செய்வது? புர்தாவில் இயந்திரம் எதை மறந்ததோ, அதையே இங்கு நாம் மறந்திருந்தோம்: உரை வேறு, பதிவு வேறு.

எதிர் அறிவிப்புக் கொடுக்கவில்லை. எச்சரிக்கை 90 நாளில் தானே காலாவதியாகும். அல்லது முறையிட்டவரே திரும்பப் பெறலாம். நாம் அவருடைய ஊருக்குச் சென்று அவரைக் கண்டோம். கடை மூடிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. நாம் வழக்காட வந்திருப்பதாக முதலில் எண்ணி, வாசலிலேயே நின்று பேசினார். விவரம் சொல்லி மன்னிப்புக் கேட்டதும் உள்ளே அழைத்துத் தேநீர் கொடுத்தார். தேநீர் முடியுமுன் கைப்பேசியிலேயே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றார். “காசு வேண்டாம் ஹஜ்ரத். அத்தாவின் கடைப் பெயரை மட்டும் கீழே போட்டுவிடுங்கள்” என்றார்.

பதினொன்றில் ஒன்பது உரைகள் இப்போது அந்தக் கடையின் பெயரோடு மீண்டும் இடம்பெற்றுள்ளன. மற்ற இரண்டின் நாடாக்கள் பூஞ்சை பிடித்துத் தெளிவற்றிருந்தன. மூல நாடாவைத் தேடிப் பார்ப்பதாக அவர் சொல்லியிருக்கிறார்.